ஆறு முடிஞ்சு ஏழா, ஏழு முடிஞ்சு எட்டா?

"வாழ்த்துகள்! இந்த வாரம் உங்கள் குழந்தை ஒரு கத்திரிக்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டது!"

28-வது வாரம் ஆரம்பிச்ச அன்னிக்குக் கர்ப்பிணிகளோட போன்ல இப்படி ஒரு மெசேஜ் வந்து விழும். எந்த ஊர் கத்திரிக்காய்னு சொல்ல மாட்டாங்க. ஹனூர் பக்கம் சந்தையில கத்திரிக்காய்னா ஒரு கைக்கு நாலு அடங்கும். அந்த சைஸ்லதான் பாப்பா இருக்குன்னு யாராவது படிச்சுச் சொன்னா பாட்டிமார் ஒப்பாரியே வெச்சிடுவாங்க. (ஆப் பண்ணினவங்க ஊர்ல ஒரு கத்திரிக்காயே ஒரு கிலோ போல.)

அதோட விடறதில்ல. பாப்பா ரூமுக்கு பெயின்ட் அடிங்க. வீட்டுக்காரரோட கடைசியா ஒரு டூர் போய்ட்டு வாங்க. யோகா மேட் வாங்குங்க.

ரோட்டைப் பத்தி மட்டும் ஒரு வரி கிடையாது. ஹனூர் தாலுகாவுல கடைசி மூணு மாசம்னா பாதி விஷயம் ரோடுதான்.

ஹனூர் எங்கேன்னு தெரியாதவங்களுக்கு: மாதேஸ்வரன் மலைக்குப் போற வழியில, கொள்ளேகால் தாண்டி ஒரு 25 கிலோமீட்டர்ல வர்ற ஊர். 1956 வரைக்கும் கொள்ளேகால் தாலுகாவே கோயம்புத்தூர் மாவட்டத்துலதான் இருந்துச்சு. மாநிலங்களைப் பிரிச்சப்போ மைசூரோட சேர்ந்தது. 1997-ல சாமராஜநகர் தனி மாவட்டமாச்சு, பிற்பாடு ஹனூர் தனித் தாலுகாவும் ஆச்சு. ஆனா பெரிய வைத்தியம்னா இன்னிக்கும் வண்டி திரும்பறது மைசூர் பக்கம்தான். கொள்ளேகால்ல இருந்து அது இன்னொரு 60 கிலோமீட்டருக்கு மேல. மார்டள்ளி, சந்தனபாளையா பக்கமெல்லாம் வீட்டுல தமிழ், ஆபீஸ்ல கன்னடம். கர்ப்பிணிங்க கையில இருக்கிற செக்கப் அட்டைக்குப் பேரு 'தாயி கார்டு'.

முதல் சண்டை மாசக் கணக்குல.

டாக்டர் 28 வாரம்னு எழுதறாங்க. மாமியார் "ஆறு முடிஞ்சு ஏழு நடக்குது"ன்னு சொல்றாங்க. அம்மா "இல்ல, ஏழு முடிஞ்சு எட்டு"ங்கிறாங்க. மூணு பேர் சொல்றதும் சரி! கடைசியா மாதவிலக்கான முதல் நாள்ல இருந்து 280 நாள் எண்ணறதுதான் ஆஸ்பத்திரிக் கணக்கு. 28 வாரம்னா 196 நாள். காலண்டர்ல பார்த்தா ஆறரை மாசம். நாலு வாரம் ஒரு மாசம்னு வெச்சா கச்சிதமா ஏழு முடிஞ்சாச்சு. "பத்து மாசம் சுமந்து பெத்தேன்"னு அம்மாக்கள் சொல்றதை மிகைன்னு நினைக்கறவங்க 280-ஐ 28 ஆல வகுத்துப் பார்க்கலாம்.

வளைகாப்புக்கு நாள் குறிக்க எந்தக் கணக்கா இருந்தாலும் ஒண்ணும் குடி முழுகாது. வம்பு வர்றது வேற இடத்துல. "ஏழாம் மாசத்துல பொறந்தா தங்கும், எட்டாம் மாசத்துல பொறந்தா தங்காது"ன்னு ஒரு பேச்சு ஊரெல்லாம் உண்டு. இது நம்ம ஊர் சரக்குன்னு பார்த்தா, ரெண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி கிரேக்க வைத்தியர் ஹிப்போக்ரடீஸ் பேர்ல இருக்கிற ஏடுகள்லயே எட்டு மாசக் குழந்தை பிழைக்காதுன்னு எழுதி வெச்சிருக்காங்க. கடல் தாண்டியும் அதே தப்பு. வயித்துக்குள்ள கூட இருக்கிற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். 28-ஐ விட 32 மேல், 32-ஐ விட 36 மேல். இதுல ஏழாம் மாசத்துக்குத் தனிச் சலுகையெல்லாம் கிடையாது.

28 வாரத்துல உள்ளே இருக்கிற ஆளோட எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ. இமை பிரிஞ்சு கண்ணைத் திறந்து மூட ஆரம்பிச்சிருக்கும். வெளிச் சத்தம் கேட்டா துள்ளும். இனி 12 வாரத்துல அந்த ஒரு கிலோ மூணு கிலோ பக்கம் வரணும். ஏழு மாசமா சேர்த்ததை விட ரெண்டு பங்கு இந்த மூணு மாசத்துல சேருது. வீட்டுல சாப்பாடு, ரத்தம், தூக்கம்னு எல்லாக் கேள்வியும் இப்பவே வர்றதுக்குக் காரணம் அதுதான்.

சத்தம்னு சொன்னதும் வளையல் ஞாபகம் வரும். குலுங்கற சத்தம் குழந்தைக்குக் கேக்கணும்னுதான் முன்னோர்கள் வளையல் போட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல வருஷாவருஷம் வருது. முன்னோர்கள் அப்படி யோசிச்சாங்களான்னு யார் கண்டா. ஆனா காது கேக்குதுங்கறது நிஜம். அமெரிக்காவுல ஆன்தனி டிகாஸ்பர்னு ஒரு உளவியல் ஆய்வாளர். பொறந்து மூணு நாள்கூட ஆகாத பிள்ளைங்க மத்த பொம்பளைங்க குரலை விட அம்மா குரலைக் கேக்கத்தான் ஆசைப்படுதுன்னு 1980-ல காட்டினார். கடைசி வாரங்கள்ல அம்மா தினம் சத்தமா வாசிச்ச கதையைப் பிள்ளை பொறந்தப்புறம் அடையாளம் கண்டுக்குதுன்னு 1986-ல இன்னொண்ணு. (அபிமன்யு கேஸ்தான். சக்கரவியூகம் வரைக்கும் டிகாஸ்பர் போகலை.)

கடைசியா தேறுற உறுப்புகள்ல நுரையீரலும் ஒண்ணு. மூச்சை விட்டதும் உள்ளே இருக்கிற குட்டிக் குட்டிக் காற்றறைங்க ஒட்டிக்காம இருக்க ஒரு வழவழப்பு வேணும். அது போதுமான அளவு ஊறுறது இந்தக் கடைசி மாசங்கள்லதான். நியூசிலாந்துல கிரஹாம் லிகின்ஸ்னு ஒரு டாக்டர், ஆடுகளுக்கு ஏன் பிரசவ வலி வருதுன்னு ஆராய்ஞ்சுக்கிட்டிருந்தார். வயித்துக்குள்ளயே ஸ்டீராய்டு ஏத்தின ஒரு குறைமாசக் குட்டி, பிழைக்கவே கூடாத நிலையில, மூச்சு விட்டுக்கிட்டுக் கிடந்துச்சு. அவரும் ராஸ் ஹவியும் சேர்ந்து மனுஷங்கள்ல செஞ்சு பார்த்து 1972-ல வெளியிட்டாங்க. குறைமாச வலி வந்தா அம்மாவுக்குப் போடற ஊசி அப்படித்தான் வந்தது. இந்தியாவுல 24-ல இருந்து 34 வாரத்துக்குள்ள வலி எடுத்தா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுக்கு முன்னாடி கிராமத்து நர்ஸே டெக்ஸாமெத்தசோன் முதல் ஊசியைப் போடலாம்னு மத்திய அரசு 2014-ல வழிமுறை கொடுத்திருக்கு. மைசூர் போய்ச் சேர மணிக்கணக்காகிற ஊர்ல அந்த முதல் ஊசிக்கு இருக்கிற மதிப்பே தனி.

சரி, குழந்தையை விடுங்க. அம்மாவைப் பார்ப்போம்.

மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும், மாடியே இல்லாத வீட்டுலயும் வாங்கும். ராத்திரி மூணு மணிக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சு ஊரையே எழுப்பற மாதிரி ஒரு அலறல். ஒண்ணுக்குப் போய்ட்டு வந்து படுத்தா மறுபடியும் முட்டும். சாயங்காலம் பாதம் லேசா வீங்கும், காலையில வத்தும். மல்லாக்கப் படுத்தா பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தறதால ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்றாங்க, முக்கியமா இடது பக்கம். தூங்கிட்டுத் தானா புரண்டுட்டோம்னு பயந்து அழ வேண்டியதில்ல. முழிச்சதும் திரும்பிப் படுத்தா போதும்.

வயிறு திடீர்னு கல்லாட்டம் இறுகும், கொஞ்ச நேரத்துல விட்டுடும். இதைப் பொய் வலின்னு நம்ம கிழவிங்களுக்கு எப்பவோ தெரியும். 1872-ல ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ்னு ஒரு இங்கிலீஷ் டாக்டர் எழுதினதால, வலி பொம்பளைங்களுக்கு, பேரு அவருக்கு! இது ஒழுங்கா இடைவெளி விட்டு, நேரம் ஆக ஆக நெருங்கி, படுத்தாலும் நடந்தாலும் போகலைன்னா அது பொய் இல்ல. 37 வாரத்துக்கு முன்னாடி அப்படி வந்தா கஷாயம் வெச்சு வேடிக்கை பார்க்கக் கூடாது.

நெஞ்செரிச்சல் தனிக் கதை. "நெஞ்சு கரிச்சா பிள்ளைக்கு முடி கருகருன்னு நிறைய இருக்கும்"ன்னு பாட்டிங்க சொன்னா படிச்சவங்க சிரிப்பாங்க. அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆளுங்களும் இதைப் பொய்னு காட்டத்தான் 64 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்தாங்க. 2006-ல ரிசல்ட் வந்துச்சு. நெஞ்செரிச்சல் அதிகமா இருந்தவங்க பெத்த பிள்ளைங்களுக்கு நிஜமாவே முடி அதிகம்! ரெண்டுக்கும் பின்னாடி ஒரே ஹார்மோன் இருக்கலாம்னு சொல்லி வெச்சாங்க. 64 பேர்ங்கறது சின்ன எண்ணிக்கைதான். ஆனா பாட்டிங்க பக்கம் ஒரு பாயிண்ட் ஏறிடுச்சே, அதுக்கென்ன செய்ய?

இனி டெஸ்டுங்க.

24-ல இருந்து 28 வாரத்துக்குள்ள சர்க்கரை பார்க்கணும். "காலையில வெறும் வயித்தோட வாங்க"ன்னு ஒரு வரி சொல்றது சுலபம். மலையில இருந்து முதல் பஸ் பிடிச்சு, வயித்துல பிள்ளையோட, பச்சைத் தண்ணிகூட இல்லாம ஹனூர் வந்து வரிசையில நிக்கறவ மயங்கி விழுவா. இல்லைன்னா வரவே மாட்டா. இந்தத் தொல்லையைப் புரிஞ்சுக்கிட்டவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. சாப்பிட்டு வந்தாலும் சரி, வராட்டியும் சரி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரே ஒரு தடவை ரத்தம் எடுத்தா போதும், 140 அல்லது அதுக்கு மேல இருந்தா கர்ப்பகால சர்க்கரைன்னு அவரும் அவரோட குழுவும் வகுத்தாங்க. இன்னிக்கு நாடு முழுக்க அரசு ஆஸ்பத்திரிகள்ல நடக்கிறது அந்த டெஸ்ட்தான். 2022-ல அவருக்குப் பத்மஸ்ரீ கிடைச்சது. கொடுக்கற தண்ணி அநியாயத் தித்திப்பு. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தரச் சொல்லிக் கேக்கலாம், தப்பில்ல. குடிச்ச அரை மணிக்குள்ள வாந்தி எடுத்தா இன்னொரு நாள் வரச் சொல்வாங்க. அதனால மடமடன்னு குடிக்காம நிதானமா அஞ்சு, பத்து நிமிஷத்துல குடிக்கறது உத்தமம்.

இந்த விஷயத்துல மைசூருக்கு உலகப் பேரே உண்டு, ஊர்க்காரங்களுக்குத்தான் தெரியாது. மண்டி மொஹல்லாவுல ஹோல்ட்ஸ்வொர்த் மெமோரியல் ஆஸ்பத்திரி, எல்லார் வாயிலயும் மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே 1934-ல இருந்து பொறந்த பிள்ளைங்களோட எடை, நீளம், தலைச் சுற்றளவெல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருந்தாங்க. யாரும் தூக்கிப் போடல! அந்த நோட்டுங்களை வெச்சு, அங்கே பொறந்து பெரியவங்களானவங்களைத் தேடிப் பிடிச்சு, பொறந்தப்போ இருந்த எடைக்கும் பின்னாடி வர்ற நெஞ்சு வியாதி, சர்க்கரைக்கும் என்ன தொடர்புன்னு கரோலின் ஃபால்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டரும் மைசூர் டாக்டர்களும் ஆராய்ஞ்சாங்க. அதே ஆஸ்பத்திரியில 1997-98-ல 830 கர்ப்பிணிகளுக்கு, சரியா இந்த 28-ல இருந்து 32 வாரக் கட்டத்துல, சர்க்கரை டெஸ்ட் பண்ணினாங்க. 6.2 சதவீதம் பேருக்குக் கர்ப்பகால சர்க்கரை. அந்த அம்மாக்களுக்குப் பொறந்த பொண்ணுங்களுக்கு அஞ்சு வயசுலயே உடம்புல கொழுப்பு கூடுதல். டெஸ்ட் பண்ணின அதே கர்ப்பிணிகள்ல 43 சதவீதம் பேருக்கு பி12 வைட்டமின் குறைவுங்கறதும் அந்த ரத்தத்துல இருந்துதான் தெரிய வந்துச்சு. பி12 முட்டை, பால், கறி, மீன்ல இருக்கு. கீரையில கிடையாது, ராகியில கிடையாது.

அடுத்தது ரத்தம். "ரத்தம் கம்மியா இருக்கு"ங்கற வார்த்தையைக் கேக்காம தாயி கார்டோட திரும்பின பொம்பளைங்க கம்மி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல இந்தியாவுல கர்ப்பிணிகள்ல 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 11 கிராமுக்குக் கீழே போனா சோகை, 7-க்குக் கீழே போனா ஆபத்து. இங்கே ஒரு எளிய கணக்கு இருக்கு. ஒழுங்கா மாத்திரை போட்டா மாசத்துக்கு ஒரு கிராம் ஏறினாலே நல்ல ஏத்தம். 28-வது வாரம் 8 கிராம்னா பிரசவத்துக்குள்ள 11 கிட்ட வர வாய்ப்பிருக்கு. 36-வது வாரம்தான் பார்த்தா? மாத்திரைக்கு நேரமே இல்ல, இரும்பை ஊசியாவோ பாட்டில்லயோ ஏத்தணும், அதுவும் பத்தலைன்னா ரத்தமே ஏத்தணும். ரத்த வங்கி எந்த ஊர்ல இருக்கு, அங்கே போக எவ்வளவு நேரமாகும்னு அப்போ யோசிக்க வேண்டியிருக்கும். இந்த வாரத்து டெஸ்டைத் தள்ளிப் போடாதீங்கன்னு ஆஷா அக்கா (ஊர்ச் சுகாதாரப் பணியாளர்) வீடு வீடா வந்து கத்தறது இதுக்குத்தான்.

அந்தச் சிவப்பு மாத்திரையை யாருக்கும் பிடிக்காது. வாய் கசக்கும், வயிறு கட்டும், மலம் கறுப்பா போகும் (பயப்படாதீங்க, இரும்பு போற வழி அது). டீயோட போட்டா வேலைக்காவாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையோட சேர்த்துப் போட்டாலும் வேலைக்காவாது. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரமாவது விடணும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சைன்னு புளிப்போட போட்டா நல்லா உடம்புல ஒட்டும். ராகிக் களியில சுண்ணாம்புச் சத்து தாராளம், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா "களி திங்கறேன், மாத்திரை எதுக்கு?"ங்கற வாதம் செல்லாது.

கர்நாடகாவுல 2017 அக்டோபர் 2-ல இருந்து மாத்ருபூர்ணான்னு ஒரு திட்டம். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் அங்கன்வாடியில மத்தியானம் சூடா சாப்பாடு, முட்டை, பால், கடலை மிட்டாய். நல்ல திட்டம், மைசூர் ஆய்வுல இல்லாம போன பி12 அந்தத் தட்டுலயே இருக்கு. ஆனா அங்கேயே வந்து உக்காந்து சாப்பிடணும்னு ஒரு விதி. ஏழு மாச வயித்தைத் தூக்கிக்கிட்டு மலைப்பாதையில நடந்து போய்ச் சாப்பிட்டு, திரும்பி நடந்து வீடு வந்தா மறுபடி பசி! கூலிக்குப் போறவளுக்கு மத்தியானம் எங்கே நேரம்? கொரோனா காலத்துல ரேஷனை வீட்டுக்கே கொடுத்தாங்க. அது எவ்வளவோ மேல்னு சொன்ன பொம்பளைங்க நிறைய.

சாப்பாட்டுல இன்னொரு முட்டுக்கட்டை வீட்டுக்குள்ளயே இருக்கு. "ரொம்ப தின்னாதே, பிள்ளை பெருசாயிட்டா ஆபரேஷன்தான்." கர்நாடகாவோட தென் கன்னடப் பகுதியில மார்க் நிக்டர், மிமி நிக்டர்னு ரெண்டு மானுடவியலாளர்கள் இதைக் கேட்டு எழுதி 1983-ல வெளியிட்டாங்க. பிள்ளையும் சோறும் வயித்துல ஒரே இடத்தைப் பங்கு போட்டுக்குதுன்னு நிறைய பேர் நம்பினாங்க. அதிகமா தின்னா பிள்ளைக்கு இடம் நெருக்கும்னு பயம். கர்ப்பப்பை தனி, இரைப்பை தனின்னு ஒரு படம் போட்டுக் காட்டினா தீர்ற பயம்தான் இது, ஆனா காட்டறவங்க யாரு? கம்மியா தின்னா பிரசவம் சுலபமாகறதில்ல. பொறக்கற பிள்ளை மெலிஞ்சு போகுது, பெத்தவ ஓய்ஞ்சு போறா, அவ்வளவுதான். ஒரே வேளையில நிறைய இறங்கலைன்னா ஆறு வேளையா பிரிச்சுச் சாப்பிடலாம். நெஞ்செரிச்சலுக்கும் அதுதான் தோது.

நெகட்டிவ் குரூப் ரத்தம் உள்ளவங்களுக்கு (கணவர் பாசிட்டிவ்னா) 28-வது வாரத்துல ஆன்ட்டி-டி ஊசி ஒண்ணு உண்டு. பிள்ளை பொறந்து அது பாசிட்டிவ்னா 72 மணி நேரத்துக்குள்ள இன்னொண்ணு. விலை கூடின ஊசி, எல்லா இடத்துலயும் இருக்காது. அதனால எங்கே கிடைக்கும்னு முன்கூட்டியே நர்ஸ்கிட்ட கேட்டு வெச்சிடணும். இந்தப் பிள்ளைக்கு இல்லாட்டியும் அடுத்த பிள்ளைக்கு அது உயிர்.

ஸ்கேன்ல "தலை மேலே இருக்கு"ன்னு எழுதிட்டா வீடு துக்க வீடாயிடுது. 28 வாரத்துல நாலோ அஞ்சோ பிள்ளைங்கள்ல ஒண்ணு அப்படித்தான் உக்காந்திருக்கும். நாள் நெருங்கும்போது நூத்துக்கு மூணு, நாலுதான் திரும்பாம மிஞ்சும். யாரையும் கூப்பிட்டு வயித்தை உருட்டி விடச் சொல்லாதீங்க.

அப்புறம் அசைவு. இந்த வாரத்துல இருந்து அதைக் கவனிக்கறதுதான் அம்மாவோட வேலை, மெஷின் எதுவும் வேண்டாம். சாப்பிட்டு ஒருக்களிச்சுப் படுத்து எண்ணினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள பத்து அசைவுங்கறது ஒரு கணக்கு. வேற கணக்குகளும் உண்டு. நம்பரை விட வழக்கம் முக்கியம். தினம் ராத்திரி எட்டு மணிக்குக் கச்சேரி வைக்கிற பிள்ளை ஒரு நாள் அமைதியா இருந்தா, அன்னிக்கே ஆஸ்பத்திரி. "நாளைக்கு ஒன்பதாம் தேதி, எப்படியும் போறோமே"ன்னு காத்திருக்கக் கூடாது. (ஒவ்வொரு மாசமும் 9-ம் தேதி அரசு ஆஸ்பத்திரிகள்ல கர்ப்பிணிகளுக்குன்னே டாக்டர் பார்க்கிற நாள், 2016-ல இருந்து.)

உடனே கிளம்ப வேண்டிய இன்னும் சில சமாச்சாரம். விடாத தலைவலி, கண்ணு மங்கறது, முகமும் கையும் வீங்கறது, மேல் வயித்துல வலி. இதெல்லாம் பிரஷர் ஏறினதுக்கு அடையாளம். 140/90 தொட்டா விடக் கூடாது. "கர்ப்பிணின்னா வீங்கத்தானே செய்யும்"னு பாதம் வீங்கினதைச் சொல்லலாம், காலையில எழுந்ததும் முகம் வீங்கியிருந்தா சொல்லக் கூடாது. கொஞ்சமா ரத்தம் பட்டாலும், தண்ணி போனாலும் உடனே கிளம்பணும். உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில தாங்க முடியாம அரிச்சாலும் டாக்டர்கிட்ட சொல்லணும், அது பித்தநீர்க் கோளாறா இருக்கலாம். தேங்காய் எண்ணெய் தடவி முடிக்கற விஷயம் இல்ல.

"உடனே கிளம்பணும்"னு எழுதியாச்சு. எதுல?

மாதேஸ்வரன் மலைக் காட்டுக்குள்ள இருக்கிற தொட்டானே கிராமத்துல 2022-ல ஒரு பொண்ணுக்கு ராத்திரியில வலி எடுத்துச்சு. வண்டி கிடைக்கல. ஊர்க்காரங்க டோலி கட்டி, யானை திரியற காட்டுல, எட்டு கிலோமீட்டர் தோள்ல தூக்கிக்கிட்டு சுள்வாடி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாங்க. பிள்ளை நல்லபடியா பொறந்துச்சு. வனத்துறை 'ஜன வன'ன்னு ஜீப்புங்களை விட்டது இந்த மாதிரி கிராமங்களுக்குத்தான், ஆனா நடுராத்திரியில போன் சிக்னல் இல்லாத இடத்துல ஜீப்பை எப்படிக் கூப்பிடறது? 2024 மக்களவைத் தேர்தல்ல அதே மலையில இண்டிகனத்தா கிராமத்துக்காரங்க ரோடு உட்பட எந்த வசதியும் இல்லைன்னு ஓட்டைப் புறக்கணிச்சாங்க. தகராறாகி ஓட்டு மெஷினே உடைஞ்சு, ஏப்ரல் 29-ல மறு வாக்குப்பதிவு நடந்துச்சு.

அதனால இந்த ஊர்ப் பக்கம் 28-வது வாரத்துல பிரசவத்துக்குப் பை கட்டறதுக்கு முன்னாடி வண்டிக்கு ஏற்பாடு பண்ணணும். 108-க்கு எங்கே நின்னா சிக்னல் கிடைக்கும், அது வரலைன்னா யாரோட ஜீப், ராத்திரி அவர் போதையில இருந்தா அடுத்தது யாரு (சிரிக்காதீங்க, கேட்டு வெச்சுக்கணும்). முதல்ல எங்கே போறது: பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமா, ஹனூரா, காமகெரே ஹோலி கிராஸா, கொள்ளேகாலா? சிக்கல்னு ஏற்கெனவே சொல்லிட்டா நேரா சாமராஜநகர் மெடிக்கல் காலேஜா, மைசூர் செலுவாம்பாவா? ஒவ்வொரு படியா ஏறி ஒவ்வொரு இடத்துலயும் "இங்கே முடியாது, மேல போங்க"ன்னு அனுப்பி வைக்கப்படறதுலதான் நேரம் கரையுது. பிரஷர், சர்க்கரை, ரெட்டைப் பிள்ளை, முன்னாடி ஆபரேஷன்னு எதாவது இருந்தா, தேதிக்குக் கொஞ்சம் முன்னாடியே ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுல வந்து தங்கிடறது நல்ல யோசனை. தமிழ்நாட்டுல மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல இதுக்குன்னே பிரசவத்துக்குக் காத்திருக்கிற அறைங்க வெச்சிருக்காங்க. ஒடிசாவுல 'மா கிருஹ'ன்னு தனி வீடே உண்டு.

தலைப்பிரசவம்னா பொறந்த வீட்டுக்குப் போறது வழக்கம். இங்கே பாதிப் பேருக்குப் பொறந்த வீடு எல்லைக்கு அந்தப் பக்கம். பாலாறு செக்போஸ்ட் தாண்டி கொளத்தூர், மேட்டூர், இல்லைன்னா கரிகேகண்டி, பர்கூர் வழியா அந்தியூர். வளைகாப்பு முடிஞ்ச கையோட தட்டு, சீர், சாதம்னு எல்லாத்தையும் வண்டியில ஏத்துவாங்க, தாயி கார்டு மட்டும் புகுந்த வீட்டு அலமாரியில தங்கிடும். அந்தப் பக்கம் போய் இறங்கினா புது நர்ஸ் முதல்ல கேக்கறது அதைத்தான், கூடவே பிக்மி நம்பர் (தமிழ்நாட்டுல கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற பதிவு எண்). தமிழ்நாட்டுல பிள்ளையோட பிறப்புச் சான்றிதழ் வாங்கறப்போவும் அந்த நம்பரைக் கேப்பாங்க. அதனால கிளம்பறதுக்கு முன்னாடி இங்கே இருக்கிற ஆஷா அக்காகிட்ட சொல்லிட்டு, போன உடனே அங்கே கிராம நர்ஸ்கிட்ட பதிஞ்சிடணும். கார்டோட எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து அம்மா போன், வீட்டுக்காரர் போன், அண்ணன் போன்னு மூணுலயும் போட்டு வெச்சிடலாம். அசல் கார்டை பீரோவுல வெச்சுப் பூட்ட வேண்டாம். வலி எடுக்கிற ராத்திரி சாவி வீட்டுக்காரரோட பெங்களூர்ல இருக்கும்.